மீடியாவிக்கி: பலர் சேர்ந்து எழுதினால் தாங்குமா?

பத்துப் பேர் சேர்ந்து ஒரு துறையின் தகவல்களைத் திரட்டத் தொடங்கினால், முதல் வாரம் அரட்டைக் குழுவே போதும் என்று தோன்றும். மூன்றாம் மாதம் அதே கேள்வி ஏழாவது முறையாக வரும். நல்ல பதிலை யாரோ எப்போதோ எழுதியிருப்பார். அது எங்கே கிடக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. விக்கி, அதாவது குழுவில் உள்ளவர்கள் உலாவியிலேயே எழுதித் திருத்தும் தளம், வைக்கலாமா என்ற பேச்சு அப்போதுதான் எழும். விக்கி என்றதும் பெரும்பாலோர் நாடுவது மீடியாவிக்கியை. விக்கிப்பீடியாவே அதன்மேல்தான் ஓடுகிறது, விலை கிடையாது, குனூ பொது உரிமத்தில் கிடைக்கிறது.

சொந்தமாக ஒரு விக்கியை நிறுவி, ஒரு குழுவை அதில் எழுத வைக்க நினைப்பவர்களுக்காக இந்த விமர்சனம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எழுதுவதற்கு இதைவிடச் சுகமான மென்பொருள்கள் உண்டு. பலர் எழுதியதைக் கலையாமல் காப்பதற்கு இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை. ஆனால் நிறுவிய கையோடு அப்படியே விட்டால் அதே மென்பொருள் மூன்று வாரத்தில் ஸ்பேம் குப்பைமேடாகிவிடும்.

வரலாறுதான் உயிர்

வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை 1995 மார்ச் 25 அன்று இணையத்தில் வைத்தார். விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியபோது ஓடியது யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் நிரலில். அது பக்கங்களைச் சாதாரணக் கோப்புகளாக வைத்தது. பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாளுக்குப் பிறகு கழித்துவிட்டது. விக்கிப்பீடியாவின் தொடக்க மாதங்களில் பல பக்கங்களின் வரலாறு ஓட்டையாக இருப்பதற்கு அதுவே காரணம். 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கே எழுதிய பிஎச்பி நிரல் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் குரோக்கர் திரும்ப எழுதிய நிரல் அதன் இடத்தைப் பிடித்தது. மீடியாவிக்கி என்ற பெயர் 2003-இல் கிடைத்தது. இன்றைய மீடியாவிக்கி எந்தப் பதிப்பையும் தானாகக் கழிப்பதில்லை. மற்ற எல்லா வசதிகளையும்விட இந்த ஒன்றுக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் நேரம், எழுதியவர் பெயர், பக்கத்தின் அளவு, அந்தத் தொகுப்பில் கூடியதோ குறைந்ததோ எத்தனை பைட் என்ற கணக்கு, அருகில் தொகுத்தல் சுருக்கம், அதாவது என்ன மாற்றினோம், ஏன் என்ற குறிப்பு. எந்த இரண்டு வரிகளையும் தேர்ந்து ஒப்பிட்டால் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. மாறிய சொற்கள் மட்டும் நிறமிட்டு நிற்கும். பழகிய கண்ணுக்கு ஒரு பக்கத்தின் நிலவரத்தை அறிய அரை நிமிடம் போதும். சிவப்பு எண் அடுத்தடுத்து வந்தால் யாரோ வெட்டுகிறார். ஒரே அளவு மாறி மாறி வந்தால் இருவர் இழுபறியில் இருக்கிறார்கள்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. ஒரே தொகுப்பில் 500 பைட்டுக்கு மேல் போனால் மென்பொருள் அந்த எண்ணைத் தடித்துக் காட்டும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'விக்கி' என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினிக் கணக்கில் ஆறு குறி, 18 பைட். ஆகவே ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்தாலே தமிழ் விக்கியில் அது பெரிய வெட்டுபோலத் தெரியும். புதியவர் செய்த நியாயமான சுருக்கத்தை நாசவேலை என்று நினைத்து மீளமைத்துவிடும் தவறு இதனால்தான் நடக்கிறது. எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வேறுபாட்டைத் திறந்து பாருங்கள்.

தவறான ஒரு தொகுப்பை நீக்க 'செயற்தவிர்' போதும், பின்னால் வந்த மாற்றங்கள் அதே இடத்தைத் தொடாதவரை. ஒருவர் வரிசையாகச் செய்த பல தொகுப்புகளை ஒரே சொடுக்கில் பின்தள்ளும் வசதியும் உண்டு. இயல்பாக அது நிர்வாகிகளுக்கு மட்டும். அந்த உரிமையை நம்பகமான ஐந்தாறு பேருக்குக் கொடுத்துவிடுங்கள். கெடுப்பவர் தட்டச்சு செய்ய வேண்டும், திருத்துபவர் ஒருமுறை சொடுக்கினால் போதும் என்ற சமனின்மைதான் திறந்த விக்கியைத் தாங்கிப் பிடிக்கிறது. நீக்கிய பக்கங்கள்கூடத் தரவுத்தளத்தில் ஒதுங்கி நிற்கும், நிர்வாகி மீட்டுவிடலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சேமிப்பும் முழுப் பக்கமாகவே பதிவாகிறது, மாறிய பகுதி மட்டுமல்ல. 50 கிலோபைட் பக்கத்தை 200 முறை சேமித்தால் ஏறத்தாழ 10 மெகாபைட். ஒரு காற்புள்ளிக்கு ஒரு சேமிப்பு என்று போகிறவர்களிடம் முன்தோற்றத்தைப் பார்த்துவிட்டுச் சேமிக்கச் சொல்லுங்கள். வரலாற்றையும் படிக்க முடியும். பழைய பதிப்புகளைச் சுருக்கிச் சேமிக்கும் அமைப்பு இருக்கிறது. அது இயல்பாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும்.

இருவர் ஒரே நேரத்தில் எழுதினால்

டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருளில் முதலில் திறந்தவர் பக்கத்தைப் பூட்டிவிடுவார். இயல்பு அமைப்பில் 15 நிமிடம். மற்றவர் காத்திருக்க வேண்டும். மீடியாவிக்கி யாரையும் தடுப்பதில்லை. இருவரும் எழுதலாம், இரண்டாவதாகச் சேமிப்பவரின் மாற்றத்தை முதலாமவருடையதோடு அது தானே இணைக்கப் பார்க்கும். அந்த இணைப்பு வரிக்கணக்கில் நடக்கிறது. சிக்கலும் அங்கேதான், ஏனென்றால் விக்கி உரையில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரி. நீங்கள் பத்தியின் முதல் சொல்லையும் அவர் கடைசிச் சொல்லையும் மாற்றியிருந்தாலும் அது மோதல்தான். தொகுப்பு முரண்பாடு என்று ஒரு திரை வரும்: மேலே தற்போது சேமிக்கப்பட்டது, கீழே உங்களுடையது. இரண்டையும் கையால் சேர்க்க வேண்டும். புதியவர்கள் இங்கே பதறி, தங்கள் உரையை அப்படியே மேலே ஒட்டிச் சேமிப்பார்கள். மற்றவரின் அரைமணி நேர உழைப்பு மறைந்துவிடும். வரலாற்றில் இருக்கும்தான், ஆனால் யாரேனும் கவனித்தால்தான் திரும்பி வரும்.

தடுக்க வழிகள் எளியவை. பத்திகளைச் சிறிதாக வையுங்கள். முழுப் பக்கத்தைத் திறக்காமல் பிரிவை மட்டும் தொகுக்கப் பழக்குங்கள். நீண்ட வேலை என்றால் பக்கத்தின் தலையில் 'தொகுப்பில் உள்ளது' என்ற வார்ப்புருவை (பல பக்கங்களில் செருகக்கூடிய ஆயத்தத் துண்டு) இட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நான்காவதாக ஒன்று, பலருக்குத் தெரியாதது. தானாக இணைக்கும் வேலையைச் செய்வது மீடியாவிக்கி அல்ல. சர்வரில் இருக்கும் டிஃப்3 என்ற தனிக் கருவி. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அது இல்லாமலே போகலாம். இல்லையென்றால் நிறுவும்போது ஒரு குறிப்பு வரும், பிறகு எந்த எச்சரிக்கையும் வராது. வெவ்வேறு பிரிவைத் தொட்டவர்களுக்குக்கூட முரண்பாட்டுத் திரை வந்துகொண்டே இருக்கும். உங்கள் விக்கியில் மோதல் அளவுக்கு மீறி வருகிறது என்றால் ஆட்களைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கருவி இருக்கிறதா, அமைப்புக் கோப்பில் அதன் பாதை சரியா என்று பாருங்கள்.

ஒரே திரையில் இருவர் தட்டச்சு செய்வதை உடனுக்குடன் காண வேண்டும் என்றால் இது அதற்கான மென்பொருள் அல்ல. கூட்டக் குறிப்பு எழுத இணைய ஆவணம் ஒன்றே போதும். எழுதி முடித்ததை விக்கிக்குக் கொண்டு வாருங்கள்.

நிறுவிய அன்றே செய்ய வேண்டியவை

நிறுவுவது பெரிய வேலை இல்லை. நீண்டகால ஆதரவுள்ள 1.43 பதிப்புக்குப் பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேல், மரியாடிபி அல்லது மைஎஸ்கியூஎல் போதும். எஸ்கியூலைட்டிலும் ஓடும்; சோதனைக்குச் சரி, பலர் ஒரே நேரத்தில் சேமிக்கும் இடத்தில் எழுதும்போது பூட்டிக்கொண்டு பிழை காட்டும். நிறுவி நான்கு வகை உரிமை அமைப்பைக் கேட்கும்: யாரும் எழுதலாம், கணக்கு இருந்தால் எழுதலாம், அனுமதி பெற்றவர் மட்டும் எழுதலாம், முற்றிலும் தனிப்பட்டது. சிறு குழுவுக்கு இரண்டாவதைப் பரிந்துரைக்கிறோம். முதலாவதை எடுத்தால் ஸ்பேம் பாட்கள் (விளம்பரக் குப்பை போடும் தானியங்கி நிரல்கள்) முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும். கணக்கில்லாமல் எழுதியவரின் ஐபி முகவரி வரலாற்றில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும் என்பதும் இன்னொரு காரணம். புதிய பதிப்புகளில் அதற்குப் பதிலாகத் தற்காலிகக் கணக்கு உருவாக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது.

நான்காவதை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பக்கத்துக்குப் பக்கம் வாசிக்கும் உரிமையைப் பிரித்துத் தருவதற்காக மீடியாவிக்கி கட்டப்படவில்லை. அதற்கென்று நீட்சிகள் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) உண்டு. ஆனால் தேடல், வார்ப்புரு உட்சேர்ப்பு, ஏற்றுமதி எதிலாவது ஒன்றில் கசியும். விக்கி தனிப்பட்டது என்று அமைத்த பின்னும், பதிவேற்றிய படங்களின் நேரடி முகவரி தெரிந்தவர் அவற்றைத் திறக்க முடியும். படங்களை அனுமதி சோதித்து வழங்கும் கோப்பு ஒன்று மென்பொருளோடு வருகிறது. அதை நாமே இணைக்க வேண்டும். உண்மையான ரகசியம் என்றால் வேறு மென்பொருளைப் பாருங்கள்.

எழுதுவது மனிதரா பாட்டா என்று சோதிக்கும் கேப்சா நீட்சி உடன் வருகிறது. ஆனால் அதன் இயல்பு வகை ஓர் எளிய கூட்டல், கழித்தல் கணக்கு. பாட்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கேள்வி-பதில் வகைக்கு மாற்றி, உங்கள் துறையைச் சேர்ந்தவருக்கு மட்டும் தெரிந்த மூன்று நான்கு கேள்விகளைத் தமிழில் வையுங்கள். பாட் ஒன்று நுழைந்துவிட்டால் கேள்வியை மாற்றுங்கள், கேப்சாவைக் கடினமாக்காதீர்கள். நுழைந்த பாட் உருவாக்கிய நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே பட்டியலில் வைத்து நீக்க 'நியூக்' நீட்சி உடனே இருக்கிறது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: அரைப் பாதுகாப்பு. புதியவர் மட்டும் தொகுக்க முடியாதபடி ஒரு பக்கத்தைப் பூட்டுவது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கணக்கு நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் கடந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். புதிதாக நிறுவிய மீடியாவிக்கியில் அந்த இரண்டு எண்ணும் பூச்சியம். அதாவது கணக்கு உருவாக்கிய நொடியே அவர் பழையவராகிவிடுகிறார். பூட்டு இருப்பதுபோலத் தெரியும், எதையும் தடுக்காது. எண்களை மாற்றிவிட்டுத்தான் பூட்டுங்கள். பூட்டுவதும் முதற்பக்கம், அதிகம் பயன்படும் வார்ப்புருக்கள் ஆகியவற்றோடு நிற்கட்டும்.

படம் ஏறவில்லை என்ற புகாருக்கும் விடை அமைப்பில்தான். பதிவேற்றம் இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கிய பின்னும் பிஎச்பியின் சொந்த வரம்பான 2 மெகாபைட் குறுக்கே நிற்கும். கைப்பேசிப் படம் பெரும்பாலும் அதைத் தாண்டும். பிஎச்பி அமைப்புக் கோப்பில் ஒற்றைக் கோப்பு வரம்பு, மொத்த அனுப்பு வரம்பு இரண்டையும் உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் உயர்த்துவது வழக்கமான தவறு.

முன்கூட்டியே ஒப்புதல் வேண்டுமா?

எழுதியது சரிபார்த்த பிறகே வெளியே தெரிய வேண்டும் என்று குழுவில் ஒருவராவது சொல்வார். அதற்கான நீட்சிகள் உண்டு. ஜெர்மன் விக்கிப்பீடியா 2008 முதல் அப்படியொரு முறையைப் பயன்படுத்துகிறது. அவர்களிடம் சரிபார்க்க ஆள் இருக்கிறது. பத்து, இருபது பேர் கொண்ட குழுவுக்கு இது வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. விக்கிப்பீடியாவுக்கு முன்னால் நியூபீடியா இருந்தது. ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படி கடக்க வேண்டும். 2003-இல் அது மூடப்படும்வரை முழுதாகக் கடந்தவை ஏறத்தாழ 25 கட்டுரைகள்தான். அறிஞர்களுக்குக் குறைவில்லை. படிகள்தான் அடைத்தன. புதியவர் ஒரு பிழையைத் திருத்துகிறார், திருத்தம் தெரியவில்லை, ஐந்து நாள் காத்திருக்கிறார், பிறகு வருவதில்லை. அவர் போனது உங்கள் கணக்கிலும் தெரியாது.

தடுப்பதற்குப் பதில் கவனிக்க ஆள் வையுங்கள். 2005 மே மாதம் ஜான் செய்கந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தும் பொய் ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறியது. செப்டம்பர் வரை நான்கு மாதம் அப்படியே இருந்தது. மென்பொருள் எல்லா வசதியும் கொடுத்திருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. மீடியாவிக்கியில் நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும் சிறப்புப் பக்கம் ஒன்று உண்டு: யாருடைய கவனிப்புப் பட்டியலிலும் (ஒருவர் மாற்றங்களைக் கண்காணிக்கத் தேர்ந்த பக்கங்கள்) இல்லாத பக்கங்களின் வரிசை. மாதம் ஒருமுறை அதைத் திறந்து, பக்கங்களை ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக் கொடுங்கள். வாழும் மனிதர்களைப் பற்றிய பக்கங்கள், அளவும் மருந்தும் வரும் பக்கங்கள் முதலில். அண்மைய மாற்றங்களும் கவனிப்புப் பட்டியலும் 90 நாள்வரைதான் பின்னோக்கிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நூறு நாள் விடுப்பில் போய்த் திரும்பியவர், இடையில் நடந்ததைப் பக்க வரலாற்றில்தான் தேட வேண்டும்.

பேச்சுப் பக்கம்

ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருப்பது இந்த மென்பொருளின் இரண்டாவது பெரிய பலம். ஏன் இந்த எண்ணை எடுத்தோம், ஏன் அந்த மூலத்தை நம்பவில்லை என்ற வாதம் கட்டுரைக்கு அருகிலேயே தங்குகிறது. ஈராண்டுக்குப் பிறகு வருபவர் அதே வாதத்தை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. அரட்டைக் குழுவில் எடுத்த முடிவு காற்றோடு போகிறது. முடிவை எங்கே எடுத்தாலும் சரி, இரண்டு வரியில் பேச்சுப் பக்கத்தில் எழுதிவிடுவதைக் குழுவின் விதியாக்குங்கள்.

கையொப்பம் நான்கு அலைக்குறி: ~~~~. மூன்று போட்டால் பெயர் மட்டும், ஐந்து போட்டால் நேரம் மட்டும். உரையாடல் கருவிகள் நீட்சி இருந்தால் 'பதிலளி' பொத்தான் வரும், கையொப்பமும் தானாக விழும். அந்தப் பொத்தான் சில கருத்துகளுக்கு மட்டும் வராமல் போவதுண்டு. கருவி ஒரு கருத்தின் முடிவைக் கையொப்பத்தில் உள்ள நேரத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறது; நேரம் இல்லாத கையொப்பம், கையால் தட்டிய தேதி, வேறு விக்கியிலிருந்து வெட்டி ஒட்டிய உரையாடல் ஆகியவை அதற்குப் புரியாது.

இழுபறி வந்தால் ஒரு நடைமுறை: ஒருவர் துணிந்து திருத்தட்டும், மற்றவர் ஏற்காவிட்டால் ஒருமுறை மீளமைக்கட்டும், அதற்குமேல் இருவரும் பேச்சுப் பக்கத்துக்கு. ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும். சிறு குழுவில் அந்த எண் ஒன்றாக இருக்கட்டும். முகம் தெரிந்தவர்களிடையே மூன்றாவது மீளமைப்பு வரும்போது பேச்சு ஏற்கெனவே முறிந்திருக்கும்.

தொகுத்தல் சுருக்கத்தைப் பெரும்பாலோர் வெறுமையாக விடுகிறார்கள். விடாதீர்கள். முன்பு அது 255 பைட்டில் முடிந்தது, தமிழில் ஏறத்தாழ 85 குறிதான். இப்போது 500 குறி இடம் இருக்கிறது. 'திருத்தம்' என்று எழுதுவதில் பயன் இல்லை. 'அளவு 20 என்பது தவறு, கையேட்டின் 3ஆம் பதிப்பில் 12' என்று எழுதினால் அடுத்தவர் வேறுபாட்டைத் திறக்காமலே புரிந்துகொள்வார்.

தமிழில் வைத்தால் வரும் தொல்லைகள்

இடைமுகம் தமிழில் கிடைக்கிறது. தன்னார்வலர்கள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மொழிபெயர்த்தது. அந்த உழைப்புக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். தொல்லைகள் அதற்கு அடியில் இருக்கின்றன.

பக்கத் தலைப்பின் எல்லை 255 பைட். உயிர்மெய் எழுத்துகளே நிறைந்த தலைப்பு என்றால் 42 எழுத்தில் முடிந்துவிடும். நீண்ட தலைப்பைச் சேமிக்க முடியவில்லை என்ற புகாருக்கு இதுதான் காரணம். தலைப்பைச் சுருக்குங்கள், முழுப் பெயரை முதல் வாக்கியத்தில் எழுதுங்கள்.

'ஸ்ரீ' என்று தொடங்கும் தலைப்பில் ஒரு பொறி உண்டு. அதே வடிவத்தை ஸகரம் வைத்தும் தட்டலாம், ஶகரம் வைத்தும் தட்டலாம். திரையில் வேறுபாடு தெரியாது, மென்பொருளுக்கு இரண்டும் வேறு பக்கங்கள். கொம்பும் காலும் தனித்தனியே தட்டிய 'ொ'வை மீடியாவிக்கி தானே ஒன்றாக்கிவிடும், இதை ஒன்றாக்காது. ஒரே பொருளில் இரண்டு பக்கம் முளைத்து இரண்டையும் ஆட்கள் வளர்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால் இதைச் சந்தேகியுங்கள். ஒன்றை மற்றதற்கு வழிமாற்றாக்கி விடுங்கள், அதாவது அதைத் திறப்பவர் தானாக மற்ற பக்கத்துக்குப் போகும்படி.

தேடல் இன்னும் பெரிய குறை. உடன் வரும் தேடல் முழுச் சொல்லாகத்தான் தேடும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தின்', 'மரங்கள்' வராது. 'மர*' என்று உடுக்குறி போட்டால் வரும். ஆனால் 'மரபு'ம் சேர்ந்து வரும். இலாஸ்டிக்சர்ச் அடிப்படையிலான நீட்சி இதைவிட நல்லது; அதற்குத் தனியே நினைவகம் வேண்டும், சிறு ஹோஸ்டிங் தாங்காது. அதுவரை வழிமாற்றுகளைத் தாராளமாக உருவாக்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து வழிமாற்று என்பது அதிகமில்லை: பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு, ஆங்கிலப் பெயரின் தமிழ் எழுத்து வடிவம், பன்மை, பரவலான எழுத்துப்பிழை. தேடியது கிடைக்காதவர் இரண்டாவது பக்கம் தொடங்குகிறார்; அறிவு இரண்டாகப் பிளக்கிறது. வழிமாற்று அதைத் தடுக்கிறது.

இணைப்புக்கும் சந்தி குறுக்கே வரும். [[விக்கி]]யில் என்று எழுதினால் ஒட்டும் சேர்ந்து இணைப்பாகும். 'மரத்தில்' என்பதற்கு அது நடக்காது. [[மரம்|மரத்தில்]] என்று செங்குத்துக் கோடிட்டு எழுத வேண்டும். குறியீடு இல்லாமல் பக்கத்தின் தோற்றத்திலேயே எழுத உதவும் காட்சித் தொகுப்பியில் இது தானாக நடக்கும். 1.35 பதிப்பிலிருந்து அது உடன் வருகிறது. அதற்கு முன் தனிச் சர்வர் ஒன்று ஓட வேண்டியிருந்தது. விக்கிக் குறியீடு தெரியாதவருக்கு அட்டவணை போடவும் மேற்கோள் சேர்க்கவும் காட்சித் தொகுப்பி பெரிய உதவி. பழைய கைப்பேசியில் மெதுவாகத் திறக்கும்.

வார்ப்புருக்கள்: ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளும் இடம்

விக்கிப்பீடியாவின் தகவல் பெட்டியைப் பார்த்து அதையே நம் விக்கிக்கும் கொண்டுவர எல்லோருக்கும் ஆசை. ஒரு பெட்டியை ஏற்றுமதி செய்தால் அது நம்பியிருக்கும் துணை வார்ப்புருக்களும் லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய கூறுகளும் கூடவே வரும். லுவா நீட்சியை இயக்காவிட்டால் பெட்டிக்குப் பதில் அதன் குறியீடு வெறும் எழுத்தாக நிற்கும். இயக்கிய பின்னும் தோற்றம் குலைந்திருக்கும், ஏனெனில் பாணி விதிகள் வேறு பக்கத்தில் இருக்கின்றன. எட்டு வரிசை உள்ள ஒரு பெட்டிக்கு நீங்களே எழுதும் பத்து வரி அட்டவணை வார்ப்புரு போதும். உடைந்தால் உங்களுக்கே சரிசெய்யத் தெரியும்.

உட்சேர்ப்புக்கு 2 மெகாபைட் எல்லை இருக்கிறது, அதுவும் பைட் கணக்கு. மேற்கோள் வார்ப்புருக்கள் நிறைந்த நீண்ட தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைவிட முன்னதாகவே அதை முட்டும். முட்டினால் பக்கத்தின் அடியில் உள்ள வார்ப்புருக்கள் விரியாமல் வெறும் பெயராக நிற்கும். பக்கத்தைப் பிரிப்பதே வழி.

பல பக்கங்களில் உள்ள வார்ப்புருவை மாற்றிய பிறகு பகுப்புகள் உடனே மாறவில்லை என்றால் பழுது இல்லை. அந்த வேலை வரிசையில் காத்திருக்கிறது. இயல்பு அமைப்பில் யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போது ஒரு வேலை முடியும். 5,000 பக்கம் வரிசையில் நிற்க, ஒரு நாளைக்கு 300 பார்வை வந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் கிரான் என்ற சர்வர் வசதியில் அந்த வேலைகளை ஓட்டும் நிரலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வைத்தால் தீர்ந்தது.

உரிமமும் வெளியேறும் வழியும்

நிறுவும்போது எந்த உரிமம் என்று கேட்கும். பலர் பிறகு பார்க்கலாம் என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். எழுதிய ஒவ்வொருவரும் தம் வரிகளுக்கு உரிமையாளர். பிறகு மாற்ற அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும். விக்கிப்பீடியா 2009-இல் குனூ ஆவண உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாற முடிந்தது, அந்தக் குனூ உரிமத்திலேயே 2008 நவம்பரில் அதற்கென்று ஒரு வழி சேர்க்கப்பட்டதால். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2012-இல் உரிமம் மாறியபோது சம்மதிக்காதவர்களின் தரவை நீக்கியே ஆக வேண்டியிருந்தது; வரைந்த சாலைகள் வரைபடத்திலிருந்து போயின.

நல்ல உரிமமும் முழு ஏற்றுமதியும் சேர்ந்தால் குழு யாருக்கும் அடிமையில்லை. விக்கிடிராவல் பயணக் கையேட்டை எழுதியவர்களில் ஒரு பகுதியினர், தளம் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, தாங்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 2006-இல் ஜெர்மன் மொழியில் விக்கிவாயேஜ் பிறந்தது; 2013 ஜனவரியில் அது விக்கிமீடியாவின் திட்டமானது. மீடியாவிக்கியின் எக்ஸ்எம்எல் ஏற்றுமதி பக்கங்களையும் அவற்றின் முழு வரலாற்றையும், யார் எழுதினார் என்ற பெயரோடு எடுத்துக்கொடுக்கும். கணக்குகள், கடவுச்சொற்கள், படங்கள் அதில் வராது. ஆகவே அதை மட்டும் பேக்கப் என்று நம்பாதீர்கள். பேக்கப்புக்கு மூன்றும் வேண்டும்: தரவுத்தளப் பிரதி, படக் கோப்புறை, அமைப்புக் கோப்பு. மூன்றாவதை மறப்பவர்கள் அதிகம். அது இல்லாமல் எந்த நீட்சி எந்த எண்ணில் இருந்தது என்று மீட்டெடுக்கவே இரண்டு நாள் போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மூன்றையும் வேறொரு கணினியில் விரித்துப் பாருங்கள். பக்கம் திறக்கிறதா, ஒரு பழைய வரலாறு தெரிகிறதா, ஒரு படம் வருகிறதா, ஸ்ரீயில் தொடங்கும் ஒரு தலைப்பு எழுத்து சிதையாமல் நிற்கிறதா என்ற நான்கையும் சோதியுங்கள். தரவுத்தளப் பிரதியின் எழுத்துக் குறியாக்கம் தவறியிருந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். மூலச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரிந்தால் சரியான அமைப்பில் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.